இந்தக் குப்பியா, அந்தக் குப்பியா?

உம்மு தலால் இன்றைக்கும் குப்பியை மூக்கிலிருந்து எடுக்கிற வழியாக இல்லை.

"இதுல மலை ரோஜாவோட ஈரம் இருக்கு. அதுல குங்குமப்பூ தூக்கலா நிக்குது. எதைப் பூசிக்கிறது?"

பௌசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சவூதியின் தாயிஃப் நகரில் யார் வீட்டுக்குப் போனாலும் கடைசியில் அத்தர் வரும். பூசிக்கொண்டால் விருந்தாளி கிளம்பிவிட வேண்டும். பூசாமல் கிளம்பினால் மரியாதை இல்லை. அதிலும் மூத்தவர் பூசிய பிறகுதான் மற்றவர்கள் பூசலாம்.

செவ்வாய்தோறும் பௌசியா வீட்டுக்குக் காபி குடிக்க வரும் பெண்களில் மூத்தவள் உம்மு தலால். இரண்டு ரோஜா அத்தருக்கு நடுவே அவள் தவித்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் உட்கார்ந்தே கிடக்க வேண்டும். அடுப்படியில் அரிசி களையாமல் கிடக்கும். பௌசியாவின் புருஷனோ பசி பொறுக்காதவன்.

"ரோஜாத் தோட்டத்துல பொறந்தவளுக்கு ரோஜா தெரியாதாம். ரெண்டையும் ஓசியில பூசிக்கத்தான் இந்த நாடகம்" என்று பக்கத்து வீட்டு ஜவாஹிர் காதைக் கடித்தாள்.

இருவரும் கூடிப் பேசி ஒரு குறும்பு செய்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு குப்பியிலும் ஒரே அத்தர்.

உம்மு தலால் வழக்கம்போல இதை முகர்ந்தாள், அதை முகர்ந்தாள். இது விடியலில் பறித்த பூ, அது வெயில் ஏறிப் பறித்தது என்று விளக்கமும் சொன்னாள். பௌசியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் ஊத்தி வச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். உம்மு தலாலும் சிரித்தாள்.

"ஏண்டி, அதுக்கு நல்ல அத்தரை வீணாக்கணுமா? பச்சைத் தண்ணியை ஊத்தியிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். போன வருஷம் காய்ச்சல்ல கெடந்தேனே, அதோட மோப்பம் போயிடுச்சு. அடுப்புல காபிக்கொட்டை கருகினாக்கூட தெரியாது."

"அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு நேரம்?"

"பூசிட்டா எழுந்திருக்கணுமே. மகன் தலால் ரியாத்துலயே தங்கிட்டான். வீட்டுக்குப் போனா பேச்சுத் துணைக்குச் சுவருதான்."

சொல்லிவிட்டு அவளே கையை நீட்டி அத்தரை வாங்கிப் பூசிக்கொண்டு கிளம்பினாள். பௌசியாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறு செவ்வாய், விருந்தாளிகள் வருமுன்பே சோறு வெந்து இறங்கிவிட்டது. காபிக்குப் பிறகு தட்டு வந்தது. அதில் ஐந்து குப்பிகள். ஒன்றில் மட்டும் அத்தர், மற்ற நாலும் பச்சைத் தண்ணீர்.

"அவசரமே இல்லக்கா. ஒண்ணொண்ணா பாருங்க" என்றாள் பௌசியா.

உம்மு தலால் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு ஒரு தண்ணீர்க் குப்பியை எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள்.

"இதுல ஈரம் கொஞ்சம் தூக்கல்."

ஜவாஹிர் அதை வாங்கித் தானும் முகர்ந்துவிட்டு, "ஆமாக்கா, எனக்கும் அப்படித்தான் படுது. அடுத்ததைப் பாருங்க" என்று காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.