வாத்தியாரின் பழைய பெயர்

காப்பகத்துப் பெண் கூடையோடு வாசலில் வந்து நின்றபோது, வாத்தியார் அலமாரிக்கு அடியில் இருந்தார்.

வாத்தியார் என்பது பூனை. இரண்டு கண்ணைச் சுற்றியும் கண்ணாடி மாட்டியது போலக் கறுப்பு வட்டம், எதைப் பார்த்தாலும் தப்புக் கண்டுபிடிக்கிற முகம். பிராணிகள் காப்பகத்தில் வைத்த பெயர் அது. பூனைக் கணக்கில் பென்ஷன் வாங்க ஆரம்பித்து ரொம்ப நாளானவர். பல் பாதி இல்லை.

வேறு வீடு கிடைக்கும்வரை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தார்கள்.

வீடு எதுவும் கிடைக்கவில்லை. குட்டி என்றால் நான் நீ என்று வருவார்கள், கிழத்தை யார் கேட்பது? இன்றைக்குத் திரும்பிப் போனால் மறுபடியும் கூண்டுதான். அநேகமாகக் கடைசிவரைக்கும்.

நாமே வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டுக்காரர் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் தூங்கும் மனிதருக்குப் பகலில் தூங்கும் பூனை, ஜோடிப் பொருத்தம் அமோகம்.

அவர் மனைவிதான் பிடி கொடுக்கவில்லை.

பயம். வெளியே சொல்லவில்லையே தவிர, பயம்தான். இன்னும் எத்தனை நாள் இருந்துவிடப் போகிறது? பழகி, மடியில் ஏறி, ஒருநாள் பொசுக்கென்று போய்விட்டால் யார் உட்கார்ந்து அழுவது? போதாக்குறைக்கு, அவள் தலையைக் கண்டாலே அது அலமாரிக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

"நான் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை வரட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அவர் வாயை அடைத்திருந்தாள்.

வராது என்ற தைரியத்தில் சொன்னது. வாத்தியாரே, ராஜா, செல்லம், டேய், சனியனே, எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. காது மட்டும் லேசாக ஆடும்.

"பழைய வீட்டுல வேற ஏதாவது பேர் வெச்சிருப்பாங்க. அது தெரியாம நாம கத்தி என்ன பிரயோஜனம்?" என்றபடி காப்பகத்துப் பெண் கூடையைத் திறந்து வைத்தாள்.

வீட்டுக்காரர் ஒரு கொட்டாவி விட்டார். இரண்டு வாரமாகவே கண் செக்கச்சிவந்து கிடக்கிறது. பூனை தூங்கவிடுவதில்லை போல. அதன் பேரில் அவள் வைத்திருந்த குற்றப்பட்டியலில் இதுவும் ஒன்று. இப்போது கூடையைப் பார்த்ததும் அவர் சமையலறைக்குள் போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது.

அவள் மண்டியிட்டுக் கையை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. அலமாரியை நகர்த்தாமல் கதை நடக்காது.

"ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

வீட்டுக்காரர் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் கூப்பாட்டுக்கு அவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வாத்தியார் வந்தார்.

முதலில் மீசை, அப்புறம் மூக்குக் கண்ணாடி. நேராக நடந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்பது போல நிமிர்ந்து பார்த்தார்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். சும்மா, சோதித்துப் பார்க்கத்தான். "ஏங்க."

அங்கேயும் வந்தார்.

காப்பகத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா! அந்த வீட்டம்மா நாள் பூரா அவங்க வீட்டுக்காரரை இப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க. அந்த மனுஷன் அசைஞ்சிருக்க மாட்டாரு. இது, தன் பேருதான்னு நினைச்சு ஓடி ஓடி வந்து நின்னிருக்கு!"

அவளும் சிரித்தாள். எங்கேயோ ஒரு வீட்டில், அவளைப் போலவே ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறாள். இது ஒன்றுதான் அவளுக்கு வந்திருக்கிறது.

குனிந்து தூக்கிக்கொண்டாள். எலும்பும் ரோமமுமாக ஒரு பிடி. அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

கூடை காலியாகத் திரும்பிப் போனது. வீட்டுக்காரர் படுக்கையறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையை ஊறவைக்க எடுத்தாள். அவள் வேலை பார்ப்பது சலவைக் கடையில். எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் பைக்குள் கை போய்விடும், பழக்க தோஷம்.

ரொட்டி மாவு. கூடவே, காகிதத்தில் மடித்த வேகவைத்த மீன் துணுக்குகள்.

இது எதற்கு என்று யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அக்கா, உங்க தங்கச்சி வந்திருக்காங்களா? ரெண்டு வாரமா நீங்க வேலைக்குப் போன அப்புறம் ஒரே 'ஏங்க, ஏங்க'ன்னு சத்தம். அசல் உங்க குரல். கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

அவளுக்குத் தங்கை கிடையாது.

அவள் குரலில் பேசிக் காட்டி விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்களைச் சிரிக்கவைத்து, அப்புறம் அவளிடம் கிள்ளு வாங்குகிற ஆள் ஒருவர் உண்டு.

பால்கனிக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். மீன் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க."

வாத்தியார் வந்தார். அவருக்குப் பின்னாலேயே, சரித்திரத்தில் முதல் தடவையாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்காரரும் வந்தார்.

"உங்களைக் கூப்பிடலை" என்றாள். "நீங்க இனிமே பகல்ல நிம்மதியாத் தூங்குங்க."