அம்சவள்ளியின் சம்பள உயர்வு

"ஒங்க கால்ல வேணும்னாலும் விழறேன் மேடம். அந்தச் சம்பளத்த மட்டும் கொறச்சிடுங்க."

அம்சவள்ளி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரூபாய் நோட்டுகளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். கீதாஞ்சலி காபியைக் குடிக்க மறந்து அவளையே பார்த்தாள். சம்பளம் போதவில்லை என்று அழுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். கூடிப்போச்சு என்று அழுகிற ஜீவனை இப்போதுதான் பார்க்கிறாள்!

கீதாஞ்சலி சிங்கப்பூர்க்காரி, இன்ஜினியர். சுனாமியில் வீடு போனவர்களுக்கு வீடு கட்டித் தரும் வேலையாக மரக்காணம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய வாடகை வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்ப்பவள் அம்சவள்ளி. ஊர் வழக்கம் மாதம் ஐநூறு என்றார்கள், இவளும் அதையே கொடுத்துவந்தாள்.

போன வாரம் வந்தது வினை. தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் பாதமெல்லாம் கறுத்த தழும்பு. என்ன இது என்று கேட்டுவிட்டாள்.

"அது உப்பளத்துல ஆனதுங்க. உப்புத் தண்ணியிலயே நின்னு நின்னு கால் பூராப் புண்ணு. ராத்திரில தூங்க முடியாது. இங்க வந்தப்புறந்தான் ஆறுச்சு. செத்தாலும் இனிமே அங்க போவ மாட்டேன்."

"அங்க கூலி எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு ஆம்பளைக்கு நூறு, பொம்பளைக்கு அறுவதுங்க. மழ பேஞ்சா அதுவும் இல்ல. எங்க ஊட்டுக்காரரு இன்னும் அங்கதான் இருக்காரு. தூக்குற கூடை என்னமோ எல்லாருக்கும் ஒரே கூடைதான்." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

கீதாஞ்சலிக்கு ரத்தம் கொதித்தது. வேற்று நாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, நானும் அடிமாட்டு விலைக்கா வேலை வாங்குவது? நேற்று ஒன்றாம் தேதி பிறந்ததும் மூவாயிரம் ரூபாயை அவள் கையில் வைத்துவிட்டாள். சிங்கப்பூரில் அது குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசு.

அந்தப் பணம்தான் இப்போது மேசைக்குத் திரும்பி வந்திருந்தது.

"எதிர்வீட்டு பஷீராம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் கீதாஞ்சலி. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பெருமையாக விஷயத்தைச் சொல்லப்போக, பஷீரா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "நீங்க ரேட்டை ஏத்திவுட்டுட்டு பிளேன் ஏறிடுவீங்க. அப்புறம் இவளுங்ககிட்ட மாரடிக்கிறது யாரு?"

"அவங்க கெடக்குறாங்க. அவங்க இல்லீங்க" என்றாள் அம்சவள்ளி.

"அப்ப உங்க வீட்டுக்காரர் பிடுங்கிட்டுப் போய்க் குடிச்சிடுவாரா?"

"ஐயையோ! அவரு பீடிகூடக் குடிக்க மாட்டாருங்க. தங்கமான மனுசன்."

"பின்ன என்னதான் பயம்?"

அம்சவள்ளி நோட்டுகளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். "ஐநூறே இருக்கட்டுங்க. மனசு கேக்கலன்னா தீவாளிக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுங்க. இத ஊட்ல மட்டும் சொல்லிடாதீங்க மேடம். எம் பொழப்பு போயிடும்."

கீதாஞ்சலிக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே பழகிய ஜனம், நிமிரச் சொன்னால் பயப்படத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். நோட்டுகளை எடுத்து அவள் கையிலேயே திணித்தாள். வாயைத் திறக்கவிடவில்லை.

மத்தியானம் உப்பள வேலை முடிந்து, பெண்டாட்டியைக் கூட்டிப்போக சைக்கிளில் வந்தான் சடையப்பன். மறைத்து வைக்க இது என்ன திருட்டுப் பணமா? கீதாஞ்சலியே கேட் வரைக்கும் போனாள்.

"உங்க மனைவிக்கு இனிமே மாசம் மூவாயிரம். அவங்க உழைப்புக்கு அதுதான் நியாயம்."

சடையப்பன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்து நின்றான். "மூவாயிரமா? மாசாமாசமா?"

"மாசாமாசம்."

"மழைக்காலத்துலயுங்களா?"

"வீட்டுக்குள்ள ஏதுங்க மழை?" என்று சிரித்தாள் கீதாஞ்சலி.

அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அம்சவள்ளி கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே கீதாஞ்சலி உள்ளே போனாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசியாக இறங்கியது.

மறுநாள் காலையில் கேட் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சடையப்பன் நின்றிருந்தான். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

நன்றி சொல்ல வந்திருக்கிறான்! அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"இதுக்குப்போய் எதுக்குங்க இவ்வளவு தூரம்? அம்சவள்ளி எங்கே?"

"உப்பளத்துக்கு அனுப்பிட்டேங்க."

"உப்பளத்துக்கா?" கீதாஞ்சலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவங்க கால் என்னத்துக்கு ஆகும்? அதான் இங்கயே நல்ல சம்பளம் தர்றேனே!"

சடையப்பன் செருப்பை வாசலில் கழற்றினான். வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பதவிசாக மடித்து ஜன்னலில் வைத்தான். கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் கையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மேடம். மூவாயிரம் ரூவா வேலைய எவனாச்சும் பொம்பளகிட்ட உடுவானா?"