சீனியர் அக்கா

“அக்கா, நான் புதுசா சேரப்போற பையன். அங்க ஹாஸ்டல் சாப்பாடு எப்படி?”

மகனின் போனில் தட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பையனின் அம்மா குளியலறைப் பக்கம் காதைத் தீட்டினாள். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. மகன் பெரிய துரை மாதிரி மதியத்துக்கு மேல்தான் குளிக்கவே போவான், போனால் லேசில் வரமாட்டான்.

மகனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அம்மாவோ, ஒரே பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

புதிதாகச் சேருகிறவர்களின் சந்தேகம் தீர்க்கக் கல்லூரியே ஒரு சீனியர் மாணவியின் நம்பரைக் கொடுத்திருந்தது. மகன் அதற்கு ஒரு ‘ஹாய்’ போட்டதோடு சரி. இவன் கேட்டுத் தெரிந்துகொண்டு விடிந்த மாதிரிதான் என்று அம்மாவே களத்தில் இறங்கிவிட்டாள். தன் வயதில் பாதிகூட இருக்காத பெண்ணை அக்கா என்பதுதான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பதில் வந்தது. “சாப்பாடு பரவாயில்ல தம்பி. ஆனா காலைல வெறும் வயித்தோட கிளாஸுக்கு ஓடாதே.”

“ராகிங் உண்டா அக்கா?”

“கிடையாது. யாராவது வாலாட்டினா நேரா வார்டன்கிட்ட போய்ச் சொல்லு.”

“கிளாஸுக்குப் போகாம ஊர் சுத்துவாங்களா?”

“அட்டண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. விடிய விடிய போனை நோண்டிட்டு இருந்தா எப்படி காலைல எழுந்திருக்க முடியும்? நேரத்துக்குப் படுக்கணும்.”

அம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. இதையே அவள் சொன்னால் இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?

அடுத்து, நெஞ்சில் கிடந்து குடைந்த கேள்வியைக் கேட்டாள். “அம்மாவை விட்டுட்டு இருக்க முடியுமா அக்கா?”

“இரு தம்பி, அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

லீவுக்கு வீட்டுக்கு வந்த பெண், கால்மேல் கால் போட்டு உட்காராமல் அடுப்படியில் நிற்கிறாளே. என்ன வளர்ப்பு என்று அம்மா அசந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “முதல் மாசம் கஷ்டமாத்தான் இருக்கும். தினம் ஒரு போன் பண்ணிடு, அம்மாவுக்கு அது போதும்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகனிடம் போனை நீட்டினாள். “போய்ச் சேருடா. அந்தச் சீனியர் பொண்ணுகிட்ட எல்லாம் கேட்டுட்டேன். அப்படி ஒரு தங்கத்தை உருவாக்கின காலேஜ், உன்னையும் ஒரு ஆளாக்கிடும்.”

மகன் காரணமெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அம்மா மனசு மாறுவதற்குள் கல்லூரிக்குச் சம்மதத்தை அனுப்பிவிட்டுத்தான் மூச்சே விட்டான்.

அப்போது போன் அடித்தது. சீனியர்தான்.

“ஸ்பீக்கர்ல போடுடா, அந்தப் பொண்ணு குரலை நானும் கேக்கறேன்” என்று அம்மா ஆசையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது.

“சாரி தம்பி, இப்பதான் எழுந்தேன். இவ்வளவு நேரம் உனக்குப் பதில் போட்டது எங்கம்மா.”