ஒய் தட்டிய விரல்

பிழை கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தன் கணினியில் ஏற்ற ஜெசிந்தா காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பைக் காணோம் என்று அது பாதியிலேயே நின்றது. வேறு இடங்களிலும் தேடலாமா, ஆம் என்றால் ஒய் விசையைத் தட்டவும் என்று கேட்டது.

“அது என்ன கேட்டாலும் படிச்சிட்டு உக்காராத. ஒய்யத் தட்டிட்டுப் போயிட்டே இரு,” என்றான் பக்கத்து இருக்கை வேணுகோபன். அவளுக்கும் அதுதான் வழக்கம். தட்டினாள்.

தேடுகிற இடங்கள் திரையில் வரிவரியாக ஓடின. முதலில் அவள் கணினியின் ஃபோல்டர்கள், பிறகு அலுவலகத்தின் மற்ற கணினிகள். அடுத்த வரிகளில் வந்தவை கணினிகள் அல்ல. வீடு, படுக்கையறை, தூளி.

நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. கைப்பேசி அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள். வீட்டில் குழந்தையோடு இருந்த கணவன்.

“ஜெசி, ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கு. ஃபேன்கூடப் போடல. பாப்பா தூளி தானா ஆடுது. யாரோ உள்ள குனிஞ்சு பாக்குற மாதிரி துணி விலகுது.”

திரையில் ஓட்டம் நின்றிருந்தது. கோப்பு கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. அதன் கீழே, எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி.

அவள் அதைப் படித்து முடிப்பதற்குள், விசைப்பலகை மேலிருந்த பழகிய விரல் ஒய்யைத் தட்டியிருந்தது.