இரைச்சல் நீக்கம்

நாதசுரம் மிகத் தெளிவாக ஒலித்தது. அந்தத் தெளிவே இராசமலரை அச்சுறுத்தியது.

"எப்பிடி அன்ரி? நேற்றுப் பதிஞ்ச மாதிரி இல்லையோ?" என்று கேட்டான் இராகுலன்.

அவள் காதுகளை மூடியிருந்த ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆலாபனை முடியும் இடத்துக்காகக் காத்திருந்தாள்.

துறைமுகத்துக்குச் செல்லும் வீதியில் இராகுலன் ஒரு சிறிய ஸ்ரூடியோ நடத்திவந்தான். கலியாண வீட்டு வீடியோக்களைத் தொகுப்பதே அவனது தொழில். வீட்டிலிருந்த பழைய கசெற்றைத் தொலைபேசியில் ஏற்றித் தரும்படி மட்டுமே அவள் கேட்டிருந்தாள்.

அந்தக் கசெற்றிலே, ஆலாபனை ஓய்ந்து தவில் தொடங்கும் முன்னர், ஒரு மூச்சளவு மௌனம் உண்டு. அந்த மௌனத்தில் ஒருவர் இருமுவார்.

அவர் அவளுடைய கணவர் சின்னராசா.

அவர்களுடைய மகள் பிறந்து துடக்குத் தீட்டுக் கழியாத நாட்களில், அம்மன் கோயிலில் நாதசுர வித்துவான் சிவகடாட்சத்தாரின் கச்சேரி நடந்தது. அவருடைய வாசிப்பென்றால் இராசமலருக்கு உயிர். அவளால் போக இயலாது. சின்னராசாவாலும் கோயிலுக்குள் நுழைய இயலாது. ஆகவே அவர் வீதியின் மறுபுறத்தில், ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தின் கீழே, சைக்கிள் கரியரில் கசெற் றேடியோவை வைத்து அவளுக்காகப் பதிவுசெய்துகொண்டு வந்தார்.

மறுகிழமை துறைமுகத்துக்கு வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பவில்லை.

அவருடைய குரலென்று இவ்வுலகில் எஞ்சியது அந்த ஓர் இருமல் மாத்திரமே.

அவரைத் தேடிச் சென்ற ஒவ்வொரு முகாம் வாசலிலிருந்தும் திரும்பிவந்து அவள் அந்தக் கசெற்றைப் போட்டாள். மகள் காய்ச்சலில் பிதற்றியபோது போட்டாள். மண்ணெண்ணெய் வரிசையில் வெறுங்கலனோடு நின்றுவிட்டு வந்த நாட்களிலும் போட்டாள். இருமலுக்காகவே போட்டாள் என்று கூறிவிட முடியாது. சிவகடாட்சத்தார் ஒரு சுரத்தைப் பிடித்து, விடாமல், பதறாமல், அதன் மேலேயே நிற்கும்போது, அவளும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ர வித்துவான் இண்டைக்கும் வந்திட்டாரோ? தேத்தண்ணி கீத்தண்ணி குடுத்தனியோ?" என்று அயல்வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலாகக் கேலி பேசுவாள்.

இராசமலர் சிரித்துவிடுவாள். இருமலைப் பற்றி அவள் எவரிடமும் கூறியதில்லை, மகளிடமும் கூறியதில்லை.

இப்போது ஆலாபனை ஓய்ந்தது.

மௌனம் வந்தது. கழுவித் துடைத்த கோப்பையைப் போன்ற மௌனம்.

தவில் தொடங்கியது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"தம்பி, இதில ஒராள் இருமுறது கேக்கிறதெல்லே?"

"அதெல்லாம் எடுத்துப்போட்டன் அன்ரி. சனத்தின்ர கதை, இருமல், பிள்ளையள் குளறுறது, ஒண்டும் இல்லை. கலியாண வீட்டுக்காரர் முதல் கேக்கிறதே அதைத்தானே. உங்களுக்குக் காசில்லாமல் செய்தனான்." அவன் பெருமையோடு சிரித்தான்.

"கசெற்றைத் தாங்கோ."

அவன் சிரிப்பு மறைந்தது. மேசையிலிருந்து கசெற்றை எடுத்து நீட்டினான். நாடா அறுந்து, சுருண்டு, வெளியே தொங்கியது. "ஒருதரம்தான் ஓடினது அன்ரி. அவ்வளவு உக்கிப் போச்சு."

அவள் அதை வாங்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ர மனுசன்," என்றாள். "இருமினது."

இராகுலன் கணினித் திரையின் பக்கம் திரும்பினான். பின்னர் அவசரமாக எதையோ தேடினான்.

"பயப்பிடாதேங்கோ. எடுத்த சத்தத்தை நான் அழிக்கேல்லை. மேளம் வேற, மனுசற்ற சத்தம் வேற எண்டு பிரிச்சு வைச்சனான். இந்தா கிடக்கு."

அவன் பொத்தானை அழுத்தினான். அறையில் ஒரு வெறுமை ஒலித்தது. தொலைவில் ஒரு குழந்தை அழுதது.

இருமல் வந்தது.

அவள் கண்களை மூடினாள். போதும் என்று எழப்போனாள்.

ஆனால் ஒலி நிற்கவில்லை. தவில் முழங்கியிருக்க வேண்டிய இடத்தில் இருவர் பேசத் தொடங்கினர். இத்தனை ஆண்டுகளும் அந்த முழக்கத்துக்குள் அமிழ்ந்து கிடந்த பேச்சு, இப்போது இந்த அறையிலேயே நின்று பேசுவதுபோல் கேட்டது.

"அவளிட்டச் சொன்னனியோ?" அது துறைமுகத்தில் அவரோடு வேலைசெய்த தம்பையாவின் குரல். அவரும் இறந்து பல காலம்.

"பிள்ளை பெத்தவளிட்ட என்னெண்டு சொல்லுறது? ரெண்டுதரம் என்னைக் கேட்டு வந்திட்டுப் போட்டாங்கள். மூண்டாந்தரம் சும்மா போகமாட்டாங்கள்."

சின்னராசாவின் குரல். அவள் நினைவில் வைத்திருந்ததைவிட இளமையான குரல்.

"அப்ப என்னடாப்பா செய்யப் போறாய்?"

அவர் சிரிப்பது கேட்டது.

"இதைக் கொண்டுபோய்க் குடுப்பன். சிவகடாட்சத்தார் வாசிச்சா அவளுக்கு வேற ஒண்டும் கேளாது."

அதன் பின்னர் அறையில் இரைச்சல்கூட இல்லை.

இராகுலன் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் இருந்தான். வெளியே ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"தம்பி," என்றாள் இராசமலர். "மேளத்தைத் திருப்பி மேல போடுங்கோ."

"ரெண்டையும் ஒண்டாப் போட்டா அந்தக் கதை கேளாது அன்ரி."

"ஓம்," என்றாள் அவள். "அப்பிடித்தான் அவர் எனக்குத் தந்தவர்."