கிணற்று வாளை

உச்சி வெயில் கிணற்றின் அடிவரை இறங்கி, முழங்காலளவு தண்ணீரைப் பழுப்பாகக் காட்டுகிறது. மேலே திராட்சைப் பந்தலில் இலைகள் சுருண்டு தொங்குகின்றன. தண்ணீர் இழுக்காத மோட்டாரை அணைத்துவிட்டு, குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட்வால்வில் அப்பிய சேற்றை வழிக்கச் சுருளிராஜன் கம்பியோடு கடைசிப் படியில் நிற்கிறான். பெருகிப்போன ஜிலேபி மீன்களைத் தின்று தீர்க்கட்டும் என்று, முல்லையாற்றில் பிடித்த சாண் நீள வாளை மீனை இந்தக் கிணற்றில் விட்டவன் அவன்தான். ஜிலேபி தீர்ந்தது. பிறகு தவளைகள், தண்ணீர்ப் பாம்பு, குடிக்க இறங்கிய மைனாகூட. இப்போது கிணற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"குழாய்க்கு அடியில, அங்கன வாளை கெடக்கு பாருங்க. கம்பியால குத்திட்டு எறங்குங்க," என்று மேலிருந்து கத்துகிறாள் அவன் மனைவி பாண்டீஸ்வரி.

அவன் ஒரு காலைத் தண்ணீரில் வைக்கிறான். கலங்கலுக்குள்ளிருந்து முதலில் இரண்டு மீசைகள் வந்து அவன் கெண்டைக்காலைத் தடவிப் பார்க்கின்றன. அப்புறம் தலை. கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய், உள்ளே ஊசி ஊசியாய்ப் பல். அவ்வளவு பெரிய தலைக்குப் பின்னால் உடம்பு பழைய தோல்வாராக வற்றிக் கிடக்கிறது.

"கடிச்சிருச்சா?"

"இல்ல." ஓங்கிய கம்பி அப்படியே நிற்கிறது. "திங்க ஒண்ணுமில்லன்னு எங்கிட்ட வாயத் தொறந்து காட்டுது."