டிஸ்க்கின் சாவுக்கு ஒரு பேரம்

ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் ஹார்டு டிஸ்க்கின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

சீரான ரீங்காரம். இடறல் இல்லை.

டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. கரகரப்பு வேறெங்கிருந்தோ வருகிறது.

“போயிருச்சுல்ல?” என்றான் தனசேகர், கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து.

மூன்றாவது முறையாகக் கேட்கிறான்.

பதினாறு வருடமாக அவள் நடத்துவது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வருகிறவர்கள் எல்லோரும் நோயைக் குறைத்துத்தான் பேரம் பேசுவார்கள். சின்னக் கோளாறுதானே, ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடாதா என்பார்கள்.

நோயைக் கூட்டிக் கேட்கிற முதல் ஆள் இவன்தான்.

லேப்டாப் இவனுடைய அண்ணனுடையது. அண்ணன் போய் நாற்பது நாள். மிளகாய் வற்றல் மண்டியில் பாதி தன் மனைவிக்கு என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் பேசிப் பதிந்தது இதற்குள்தான் இருக்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. நாளை மறுநாள் பெரியவர்கள் முன்னால் பங்குப் பேச்சு.

அந்த மனைவி, பூரணம், வாசலோரத்து ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் களவு போய்விடக் கூடாதென்று கொழுந்தன்தான் லேப்டாப்பைத் தன் பீரோவில் பூட்டி வைத்தானாம். எடுத்துப் பார்த்தால் டிஸ்க்கில் சத்தமாம்.

கடைக்காரி லேப்டாப்பின் விசிறியைக் கழற்றினாள்.

மூக்கு அரித்தது. ஒரு தும்மல்.

இறகுகளின் இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெள்ளைத் தாளில் வைத்தாள்.

மிளகாய் விதை. ஐந்து.

பீரோவில் மிளகாய் காய்க்காது.

மண்டியில் மூட்டை மேல் வைத்துத் திறந்திருக்கிறான். டிஸ்க்கைக் கழற்றத் தெரியாமல் மூடியிருக்கிறான். ஸ்க்ரூ தலைகளில் எல்லாம் கத்தி கடித்த தழும்பு.

பூரணம் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து அவன் கவுண்டர் மேல் கவிழ்ந்தான். கிராம்பு வாடை. குரலில் தேன்.

“டிஸ்க் செத்துப்போச்சுன்னு உங்க லெட்டர் பேடுல ரெண்டு வரி எழுதி, சீல் வச்சுக் குடுங்கக்கா. நீங்க சொல்றதுதான் ரேட்டு.”

கரப்பான் குடும்பம் நடத்திய கம்ப்யூட்டர்களையெல்லாம் முகம் சுளிக்காமல் திறந்தவள் அவள். இப்போது இரண்டு கையையும் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவன் அவள் கையைத் தொடக்கூட இல்லை.

தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் விதைகளைப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

விசிறியை மாட்டி லேப்டாப்பை ஆன் செய்தாள். சத்தமில்லை. ஃபைல் திறந்தது. ஒன்பது நிமிடப் பேச்சு.

பூரணம் வந்து நின்றாள்.

“டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லக்கா. அவர் பேசினது அப்படியே இருக்கு. எத்தன காப்பி போடட்டும்?”

பூரணம் கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான்.

“ரெண்டு போடும்மா. ஒண்ணு தம்பிக்கு. அண்ணன் குரலக் கேக்காம அவருக்குத் தூக்கமே இல்ல.”